சிச்சுவேஷன் அண்ணாச்சி

ஓடிக்கொண்டிருக்கிற பாட்டை நிறுத்தச் சொல்கிற மனுஷனை எனக்குக் கட்டோடு ஆகாது. நான் மைக்செட் போடுகிறவன், அதனால் இது தொழில் கோபம் என்று நினைக்கிறவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். கல்யாணம், சடங்கு, திருவிழா, கட்சிக் கூட்டம் என்று எத்தனையோ ரகமான ஆட்களைப் பார்த்துவிட்டேன். குடித்துவிட்டு வந்து ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் போடச் சொல்கிறவன்கூட எனக்கு அண்ணன் தம்பி மாதிரிதான். அவனுக்குப் பாட்டு வேண்டியிருக்கிறது, கேட்கிறான். நிறுத்தச் சொல்கிறவனுக்கு என்ன வேண்டியிருக்கிறது?

அப்படி ஓர் ஆள் தூத்துக்குடியில் இருந்தார். இப்போது மகன் வீட்டோடு சென்னைக்குப் போய்விட்டதாகக் கேள்வி. அங்கே யார் வீட்டுப் பாட்டை நிறுத்திக்கொண்டிருக்கிறாரோ, அவர்கள் பாடு. பெயரைச் சொல்லப்போவதில்லை. அவர் முதுகுக்குப் பின்னால் ஊர் வைத்திருந்த பெயர் ‘சிச்சுவேஷன் அண்ணாச்சி’. மரியாதை கொடுத்து ‘அவர்’ என்றே எழுதுகிறேன். பழக்கதோஷம். உள்ளுக்குள் வருகிற வார்த்தை வேறு.

துறைமுகத்தில் கப்பல் சரக்குகளுக்குக் காகிதம் முடித்துக் கொடுக்கிற ஒரு ஏஜென்சியில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளைச் சட்டை, சலவை மடிப்புக் கலையாது. பையில் பேனா. எந்த விசேஷத்துக்கு வந்தாலும் மாப்பிள்ளை பெண்ணைப் பார்க்கிறதற்கு முன்னால் நேராக என்னிடம்தான் வருவார். நான் மிக்ஸருக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பேன். பக்கத்தில் வந்து நின்று, ஓடுகிற பாட்டை நாலு வரி கண்ணை மூடிக் கேட்பார். ரசிக்கிறார் போலிருக்கிறது என்று நினைத்தால் ஏமாந்தோம். கண்ணைத் திறந்து கேட்பார்:

“ஏலே, இது என்ன சிச்சுவேஷன்ல வருது தெரியுமாலே?”

தெரியாது என்றாலும் மாட்டினோம், தெரியும் என்றாலும் மாட்டினோம். படத்தில் அந்தப் பாட்டை யார் பாடுகிறார், யாருக்காகப் பாடுகிறார், அதற்கு முந்தின காட்சியில் என்ன நடந்தது, பிந்தின காட்சியில் யார் சாகிறார் என்று ஆரம்பித்துவிடுவார். பாட்டு அதுபாட்டுக்கு முடிந்துபோகும். ஒரு வரிகூட என் காதில் விழுந்திருக்காது. கடைசியில், “இதைப் போயி காதுகுத்துல போடுதியேலே, அறிவிருக்கா?” என்பார். வாங்கிக் கட்டிக்கொண்டு அடுத்த பாட்டைப் போடுவேன். அதற்கும் ஒரு சிச்சுவேஷன் வைத்திருப்பார்.

துறைமுகத்தில் சரக்குத் தூக்குகிற விஞ்ச் ஓட்டுகிற ஒருவருக்கு ஓய்வு பெறுகிற விழா. கூட வேலை பார்த்தவர்கள் ஆசைப்பட்டு ஒரு பழைய சிநேகிதப் பாட்டைப் போடச் சொன்னார்கள். போட்டேன். அண்ணாச்சி மேடைக்கே ஏறிப் போய் மைக்கைப் பிடித்துவிட்டார். “இந்தப் பாட்டுப் பாடுற சிநேகிதன்தான் படத்துல பின்னால காட்டிக் குடுப்பான். நன்றி கெட்டவன் பாடுன பாட்டை ஒரு நல்ல மனுஷனுக்குப் போடலாமா?” என்று கேட்டு, அந்தப் படத்தின் கதையை முழுவதும் சொன்னார். பாவம், ஓய்வு பெறுகிறவர் கழுத்தில் மாலையோடு, உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் தவித்துக்கொண்டிருந்தார். போடச் சொன்ன சிநேகிதர்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். விளங்கின மாதிரிதான் என்று நான் ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன்.

இவ்வளவு எரிச்சலுக்கும் ஊரில் ஏன் இடம் கொடுத்தார்கள் என்று கேட்பீர்கள். ஆள் பேசுவார். அழகாகப் பேசுவார். திருவிழாவில் பாட்டுப் போட்டி என்றால் நடுவர் அவர்தான். மெல்லிசைக் குழு வந்தால் இடையிடையே பேசுகிறதும் அவர்தான். சாயங்காலமானால் என் மைக்செட் கடைக்கு வந்து வாசலில் கிடக்கிற பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொள்வார். பாட்டுப் படங்களில் எது உசத்தி, ஏன் உசத்தி என்று சபை கூடும். ஆட்டோக்காரர்கள், வலைக் கம்பெனியில் வேலை பார்க்கிறவர்கள் என்று நாலு பேர் நின்று கேட்பார்கள். நானும் ஒயரைப் பற்றவைத்துக்கொண்டே கேட்பேன்.

“பேச்சு முட்டி நிக்கணும். இனிமே பேசி ஆகாதுங்கிற எடத்துல பாட்டு கெளம்பணும். அதுதாம்லே பாட்டுப் படம். சும்மா மலை மேல போயி நின்னு பாடுறதெல்லாம் பாட்டா?”

இன்னொரு நாள் சொன்னார்: “பாட்டுக்கு முந்தி இருந்த ஆளு பாட்டு முடிஞ்ச பெறகு அதே ஆளா இருக்கப்படாது. மாறியிருக்கணும். கோவக்காரன் எளகியிருக்கணும். கூட இருந்தவன் பிரிஞ்சிருக்கணும். கதையை ஒரு எட்டாவது முன்னால தூக்கி வைக்காத பாட்டை வெட்டித் தூரப் போடு.”

சொன்னது சரிதான். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். தப்பாகச் சொல்கிறவனைச் சிரித்துத் தள்ளிவிடலாம். சரியாகச் சொல்கிறவன் அதை வைத்து ஊரை மிரட்டினால் என்ன செய்கிறது?

என் கணக்கு வேறு. படம் ஓடி முடிந்து படப்பெட்டி வந்த ஊருக்கே திரும்பிப் போனதும் பாட்டு படத்தை விட்டு இறங்கி வந்துவிடுகிறது. ஐஸ் உடைக்கிறவன் வாய்க்கு வருகிறது, ஆட்டோவுக்குள் வருகிறது, பிள்ளை தொட்டிலுக்கு வருகிறது. எந்தப் படத்தில் யார் பாடினார் என்று தெரியாமலே ஜனங்கள் பாடுகிறார்களே, அதற்குத்தான் நல்ல பாட்டு என்று பெயர். ஒரு தடவை வாய் விட்டு இதைச் சொல்லியும் பார்த்தேன். அண்ணாச்சி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“நீ கொழா ஸ்பீக்கரு கட்டுறவன். ஒனக்கு எல்லாம் சத்தந்தான்” என்றார்.

நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். வேறென்ன செய்ய.

உப்பளத்தில் வேலை செய்கிற ஒரு பெண் திருவிழாப் போட்டியில் பாடினாளே, அந்தக் கூத்தையும் சொல்ல வேண்டும். வெயிலில் நின்று நின்று முகம் கறுத்துப்போன பெண். மேடை ஏறிக் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, சிரித்த முகத்தோடு ஒரு பாட்டுப் பாடினாள். குரலில் அப்படி ஒரு கணீர். எனக்கு மிக்ஸரில் கை வைக்கவே தோன்றவில்லை, அப்படியே விட்டுவிட்டேன். கூட்டம் கைதட்டி முடிக்கிறதற்குள் அண்ணாச்சி கேட்டார், “இது என்ன சிச்சுவேஷன்ல வருதும்மா?”

“தெரியாது அண்ணாச்சி. உப்பு வாரும்போது எல்லாரும் பாடுவோம்.”

“புருஷன் கைவிட்டுட்டுப் போனவ அழுதுக்கிட்டே பாடுற பாட்டு. நீ சிரிச்சுக்கிட்டே பாடுத. மேனிஃபெஸ்ட் இல்லாத சரக்கை நான் எப்படிம்மா பாஸ் பண்ண முடியும்?”

துறைமுகத்து ஊர் ஆச்சே, மேனிஃபெஸ்ட் என்றால் கப்பலோடு வருகிற சரக்குக் காகிதம் என்று சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்தப் பெண்ணும் என்னவென்று புரியாமல் கூடச் சிரித்துவிட்டு இறங்கிப் போனாள். பரிசு வேறு யாருக்கோ போனது. அந்த ஆள் மேல் எனக்கு வெறுப்பு விழுந்தது அன்றைக்குத்தான். அதற்கு முன்னால் வெறும் எரிச்சல்.

இனி என் வீட்டுக் கதைக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் இவ்வளவும் சொன்னேன்.

என் அக்காவின் வீட்டுக்காரர் கப்பலில் சமையல்காரர். நான் அத்தான் என்று கூப்பிடுவேன். வருஷத்தில் முக்கால்வாசி தண்ணீரில் இருக்கிற மனுஷன். அவர்களுக்கு ஒரே பெண், பிரின்ஸி. அத்தான் விடுப்பில் வந்தால் பிள்ளையை மடியை விட்டு இறக்க மாட்டார். ஒரு சினிமாத் தாலாட்டு, தகப்பன் மகளுக்குப் பாடுகிறது, அதைப் பாடித்தான் தூங்க வைப்பார். குரல் ஒன்றும் பிரமாதமில்லை. உச்சத்துக்குப் போகிற இடத்தில் கீச்சென்று உடையும். பிள்ளை அந்த இடத்துக்காகவே விழித்திருந்து, உடைந்ததும் கெக்கெக்கே என்று சிரித்துவிட்டுத் தூங்கும். வளர்ந்து காலேஜுக்குப் போன பிறகும், அப்பா கப்பலிலிருந்து போன் பண்ணினால் அந்தப் பாட்டில் ஒரு வரி பாடச் சொல்லிக் கேட்பாள்.

பிரின்ஸிக்குக் கல்யாணம் திடீரென்று கூடிவிட்டது. அத்தான் கப்பல் ஏறி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. மாப்பிள்ளை வீட்டில் அவசரம், மாப்பிள்ளைக்கு விடுப்பு அவ்வளவுதான். மாதா கோயிலில் கல்யாண ஓலை வாசித்து ஊரறியச் சொல்லியாகிவிட்டது. அதற்குப் பிறகு தேதியை நகர்த்துகிற பேச்சே கிடையாது. கம்பெனி அத்தானை விடவில்லை. அக்கா அழுதாள், பிரின்ஸி அழுதாள். அத்தான் போனில் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்:

“மாப்ள, கோயில்ல பூசை முடிஞ்சு பொண்ணும் மாப்பிளையும் மண்டபத்துக்குள்ள காலெடுத்து வைக்கும்போது நம்ம பாட்டைப் போட்டுரு. ஒங்கக்காகிட்ட வீடியோ கால் போடச் சொல்லுதேன். நான் அங்கன இல்லன்னாலும் எம் பாட்டு இருக்கட்டும்.”

இதை விட்டால் எனக்கு என்ன வேலை? இருக்கிறதிலேயே நல்ல ஸ்பீக்கர் பெட்டிகளைக் கொண்டுபோய் வைத்தேன். மண்டபத்தில் முதலில் மாதா பாட்டு ஒன்று ஓடியது, அது எங்கள் பக்கத்து வழக்கம். பிரின்ஸி வாசலில் காலெடுத்து வைத்தாள். தாலாட்டைப் போட்டேன். அக்கா போனை உயர்த்திப் பிடித்திருந்தாள். அதில் அத்தான், சமையல்கட்டு உடுப்போடு, எங்கேயோ நங்கூரம் போட்ட கப்பலில் நின்றுகொண்டு கூடவே வாயசைத்துக்கொண்டிருந்தார். பிரின்ஸிக்கு அந்தப் பாட்டு வருகிறது என்று தெரியாது. நடையை நிறுத்திவிட்டு அம்மா கையிலிருந்த போனைப் பார்த்தாள். முகம் மலர்ந்தது பாருங்கள், அந்த முகத்துக்காக என்ன வேண்டுமானாலும் செய்யலாம்.

பாதிப் பாட்டுகூட ஆகவில்லை. அண்ணாச்சி மேடையில் இருந்த கார்ட்லெஸ் மைக்கை எடுத்துவிட்டார்.

“நிறுத்துலே! நிறுத்துலேங்கேன்! இது என்ன சிச்சுவேஷன் பாட்டுன்னு தெரிஞ்சுதான் போடுதியா? ஆஸ்பத்திரில சாகக் கெடக்குற மகளுக்குத் தகப்பன் பாடுறது. பாட்டு முடியும்போது அந்தப் புள்ள செத்துப்போகும்! கல்யாணப் பொண்ணு உள்ள வரும்போது போடுற பாட்டாலே இது?”

மண்டபம் முழுக்க என் பெட்டிகள். மூலை முடுக்கெல்லாம் அவர் குரல். நான் பாட்டை நிறுத்தவில்லை. மைக் சத்தத்தைத்தான் இறக்கினேன். அதற்குள் சொல்லி முடித்துவிட்டார். அவர் மைக்கைப் பிடித்ததுமே அக்கா பதறிப்போய் போனைக் கட் பண்ணியிருந்தாள். மாப்பிள்ளையின் பெரியம்மா, அந்த வீட்டில் அவள் வைத்ததுதான் சட்டம், நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு, “ஐயோ, வாசப்படியிலயேவா!” என்றாள். யாரோ ஓடி வந்து என் பென்டிரைவைப் பிடுங்கினார்கள். பிரின்ஸி ஒரு கால் உள்ளேயும் ஒரு கால் வெளியேயுமாக நின்றுகொண்டிருந்தாள்.

அண்ணாச்சி அப்புறம் பந்தியில் உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டார். “நல்ல நேரத்துல நான் இருந்தேன்” என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னதை என் காதால் கேட்டேன்.

அத்தானிடம் அக்கா டவர் போய்விட்டது என்று சொல்லிவிட்டாள். நடுக்கடலில் இருக்கிற மனுஷனிடம் வேறு என்ன சொல்ல முடியும்? அவரும் நம்பினார். “பாதியில போச்சே, ச்சே. சரி, வந்து முழுசாப் பாடிருதேன்” என்றாராம்.

கல்யாணமான மூன்றாம் மாதம் பிரின்ஸிக்குக் கரு தங்கி, கலைந்துவிட்டது. டாக்டரம்மா, இது சாதாரணமாக நடக்கிறதுதான், உடம்பில் ஒரு குறையும் இல்லை என்றார். பெரியம்மா ஒப்புக்கொள்ளவில்லை. “வாசப்படியில சாவுப்பாட்டுக் கேட்டு வந்த பொண்ணு” என்று ஒருநாள் அடுப்படியில் சொல்லியிருக்கிறாள். பிரின்ஸி காதில் விழவேண்டும் என்று சொன்னாளோ, விழாது என்று சொன்னாளோ, விழுந்துவிட்டது. மறுபடியும் குளிக்காமல் இருக்கிறாள் என்று தெரிந்ததும் அந்த வீட்டில் டிவியில்கூட அந்தப் பாட்டு வந்தால் சேனலை மாற்றினார்கள்.

அத்தான் ஊருக்கு வர ஒரு மாதம் இருந்தது. வந்ததும் முதல் வேலையாக மகள் வீட்டுக்குப் போவார். போனால் பாடாமல் இருக்க மாட்டார். அதை எப்படித் தடுக்கிறது என்று அக்கா என்னிடம் வந்து கேட்டாள். எனக்கு ஒரு யோசனை வந்தது. அது வரைக்கும் நானும் அந்தப் படத்தைப் பார்த்ததில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கடையைப் பூட்டிக்கொண்டு போனில் உட்கார்ந்து முழுசாகப் பார்த்தேன்.

பார்த்துவிட்டு எனக்குச் சிரிக்கவா அழவா என்று தெரியவில்லை. மகள் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள், சரி. தகப்பன் பாடுகிறான், சரி. ஆனால் பிள்ளை சாகவே இல்லை. பாட்டுக்குள்ளேயே கண் விழிக்கிறாள். பாட்டுக்குள்ளேயே பள்ளிக்கூடம் போகிறாள். ஓடுகிற சின்னக் கால்களைக் காட்டுகிறார்கள், அடுத்த அடியில் அது பெரிய பெண்ணின் கால்கள். நம் படங்களில் பிள்ளைகள் வளர்கிறது எப்போதும் பாட்டுக்குள்தானே? பாட்டு முடியும்போது தகப்பனுக்குத் தலை நரைத்துவிட்டது, மகள் சேலை கட்டிக்கொண்டு நிற்கிறாள். படத்தின் கடைசியில் அவளுக்குக் கல்யாணம் நடக்கிறது. தகப்பன் மேளச் சத்தத்துக்கு நடுவே அதே பாட்டைப் பாடுகிறான். கல்யாண வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான பாட்டு தமிழில் உண்டா என்று எனக்குத் தெரியாது.

மறுநாள் சாயங்காலம் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். அன்றைக்கு வேறு யாரும் இல்லை. போனை அவர் முகத்துக்கு முன்னால் நீட்டினேன். பாட்டு முழுவதையும் பார்த்தார். அவர் ஒரு பாட்டை முதலிலிருந்து கடைசிவரை பார்த்ததை நான் கண்டது அந்த ஒரு தடவைதான்.

“இது எப்ப வந்துது?” என்றார்.

“படம் வந்தப்பவே வந்துதுதான் அண்ணாச்சி. நீங்க பாக்கலியா?”

“படத்தைத் தியேட்டர்ல பாத்தேம்லே. பாட்டைப் பாக்கல.”

“என்னது?”

“பாட்டு வந்தா நான் எந்திரிச்சு வெளிய போயிருவேன். ஒரு சிகரெட்டு. திரும்பி வந்து பாக்கும்போது கதை புரிஞ்சுதுன்னா அந்தப் பாட்டு தண்டம். புரியலைன்னா அது நல்ல பாட்டு. எம் பரிச்சை அதுதான். எல்லாப் படத்துக்கும் அப்படித்தான்.”

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஊரையே பரீட்சை வைத்த மனுஷன். உப்பளத்துப் பெண்ணை மேடையில் நிற்க வைத்துச் சிரிக்கச் செய்த மனுஷன். ஜென்மத்தில் ஒரு பாட்டைத் தியேட்டரில் உட்கார்ந்து பார்த்ததில்லை! சிகரெட்டு முடிந்து உள்ளே வந்திருக்கிறார், பிள்ளையைக் காணோம், நரைத்த தகப்பன், யாரோ ஒரு வயசுப் பெண். பிள்ளை செத்துப்போச்சு, இவள் வேறொரு மகள் என்று தானே முடிவு பண்ணிக்கொண்டு, அதை இத்தனை வருஷமாகத் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறார்.

“அப்ப உங்க பரிச்சைப்படி இது நல்ல பாட்டுல்லா அண்ணாச்சி? கதையே புரியாம போச்சுல்லா உங்களுக்கு?” என்று கேட்டேன். குத்திக் கேட்டேன்.

அவருக்குக் குத்தவே இல்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, “டைரக்டர் சரியில்லலே. ஒத்தப் பாட்டுக்குள்ள பத்துப் பதினஞ்சு வருஷத்தைத் தூக்கிப் போட்டா பாக்குறவன் என்ன செய்வான்?” என்றார்.

கோபத்தை விழுங்கிக்கொண்டேன். காரியம் ஆகவேண்டுமே. “அது போகட்டும் அண்ணாச்சி. பிரின்ஸி வீட்டுக்கு ஒரு எட்டு வாங்க. அந்தப் பெரியம்மாகிட்ட, நான் தப்பாச் சொல்லிட்டேன், அது சாவுப்பாட்டு இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. காலையிலயே போயி நான் சொல்லிப் பாத்துட்டேன், போன்ல காட்டுதேன்னாலும் பாக்க மாட்டேங்காவ. ஒங்க வீட்டுப் பொண்ணுக்காகப் பேசுதீய, அண்ணாச்சி வந்து சொல்லட்டும்னுட்டாவ. பிள்ளை மறுபடியும் உண்டாயிருக்கா. பயந்துக்கிட்டு இருக்கா. உங்க ஒரு வார்த்தையில போயிரும்.”

“நான் வந்து தப்புன்னு சொல்லுதேன்னு வையி” என்றார். கோபமாகக்கூட இல்லை, கணக்குச் சொல்லிக் கொடுக்கிற மாதிரி நிதானமாகச் சொன்னார். “நாளைக்கு நான் எதைச் சொன்னாலும், அந்தா அன்னைக்கு ஒளறுனாரே அவர்தானேன்னு ஊரு பேசும். ஒரு பாட்டுக்காக எம் பேரைக் கெடுத்துக்கிட முடியுமாலே? நாளாக நாளாக மறந்துபோவும். விடு.”

“கால்ல விழட்டுமா அண்ணாச்சி?”

“சே, போலே” என்று சிரித்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். மறுநாள் சாயங்காலம் ஒன்றும் நடக்காதது போல வந்து உட்கார்ந்தார். நாற்காலியைத் தூக்கி உள்ளே போட்டுப் பூட்டியிருக்க வேண்டும். ஊர்ப் பழக்கம், கை வரவில்லை.

அத்தான் வந்தார். வழக்கம்போல ஒரு பை நிறைய சாக்லேட், சென்ட்டு, கோடாலித் தைலம். இறங்கின மறுநாளே மகள் வீட்டுக்கு என் வண்டியில் கூட்டிப்போனேன். வழியில் சொல்லிவிடலாம் என்று இரண்டு மூன்று தடவை வாயெடுத்தேன். மனுஷன் பின்னால் உட்கார்ந்து குழந்தை மாதிரிப் பேசிக்கொண்டே வந்தார்.

பிரின்ஸிக்கு அப்போது ஐந்தாம் மாதம். அப்பாவைப் பார்த்ததும் ஓடி வந்து கழுத்தைக் கட்டிக்கொண்டாள். பெரியம்மா காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு அடுப்படி நிலையில் சாய்ந்து நின்றாள். என் கண் முழுக்க அவள் மேலேயே இருந்தது. எதாவது சொல்வாள், சொன்னால் இன்றைக்கு ஒரு கை பார்த்துவிடுகிறது என்று இருந்தேன்.

அத்தான் மகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். “கல்யாணத்தன்னைக்கு டவரு நம்மளை ஏமாத்திட்டுல்லா? இப்ப எந்த டவரும் வேண்டாம். உள்ள இருக்கவுகளும் சேந்து கேக்கட்டும்” என்று சொல்லிவிட்டுத் தொண்டையைச் செருமினார். முதல் வரியைப் பாடினார். கடல் காற்றில் குரல் இன்னும் கொஞ்சம் கெட்டுப்போயிருந்தது.

பெரியம்மா வாயைத் திறக்கவில்லை. நின்ற இடத்தை விட்டு அசையவும் இல்லை.

பிரின்ஸிதான் எழுந்தாள். இரண்டு கையாலும் அப்பாவின் வாயைப் பொத்தினாள்.

“வேண்டாம்ப்பா. பாடாதிய. எனக்குப் பயமா இருக்கு.”

பொத்தின கைகளுக்கு மேலே அத்தானின் கண்கள் மட்டும் தெரிந்தன. என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், அவள் வயிற்றைப் பார்த்தார். அவர் மெல்ல அந்தக் கைகளை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, “சரிம்மா. பாடல. அப்பா பாடல” என்றார். ஏன் என்று கேட்கவில்லை. மகள் பயப்படுகிறாள், அது போதும் அவருக்கு. அதற்கப்புறம் சாக்லேட்டை எடுத்து ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் வாசலுக்கு வந்து நின்றுகொண்டேன். அழுகை வந்துவிட்டது, வேறென்ன.

திரும்பும்போது கடையில் வண்டியை நிறுத்தினேன். அந்த ஆள் நாற்காலியில் இருந்தார். மண்டபத்தில் பாட்டை நிறுத்தினது இவர்தான் என்று அத்தானுக்குத் தெரியாது. ஊர்ப் பெரிய மனுஷன் என்கிற மரியாதையில், “அண்ணாச்சி, சொகமா இருக்கியளா?” என்று கேட்டு, பையில் மிச்சமிருந்த ஒரு கோடாலித் தைலத்தை எடுத்து நீட்டினார்.

அண்ணாச்சி வாங்கி, மூடியைத் திறந்து மோந்து பார்த்து, இரண்டு பொட்டிலும் தடவிக்கொண்டார். “கப்பல்ல பாட்டெல்லாம் உண்டா? நீரு நல்லாப் பாடுவீராமே, கேள்விப்பட்டேன்” என்றார்.

“முந்திப் பாடுவேன் அண்ணாச்சி. இனிமே பாடப் போறதில்ல.”

“நல்லதாப் போச்சு” என்று தைலத்தைச் சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார் அண்ணாச்சி. “சிச்சுவேஷன் தெரியாம கண்டவனும் பாடி என்ன ஆவப்போவுது?”